ரூமுக்குள்ளே இருந்தா பத்திரமா?



2025 மார்ச்சில், 'நெட்பிளிக்ஸ்' தளத்தில் வெளியான, 'அடலசன்ஸ்' என்ற இங்கிலாந்து தொடரை, என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல, பார்த்து முடித்தேன். மொத்தமே நான்கு பகுதிகள் தான். ஜேமி என்ற, 13 வயது பையன், தன் பள்ளியில் படிக்கும் கேட்டி என்ற பெண்ணை கத்தியால் குத்திக் கொன்று விடுகிறான். ஏன் கொன்றான் என்பது தான் கதை.

அப்பா குடிகாரர், அம்மா சரியில்லை என காட்டியிருந்தால், 'நம்ம வீடு அப்படியில்லையே' என்று நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால், ஜேமியின் அப்பா, பிளம்பர், உழைப்பாளி. சின்ன வயதில் தான் வாங்கிய பெல்ட் அடி, தன் பிள்ளைக்கு கூடாது என்றிருந்தவர். அம்மாவும் பாசக்காரி தான். பள்ளி விட்டு வந்ததும், மகன் கதவைச் சாத்திக் கொள்வான். நள்ளிரவிலும் விளக்கு எரியும். 'ரூமுக்குள்ளே தானே இருக்கான்' என்று, இருவரும் இருந்து விட்டனர்.

கால்பந்து விளையாட்டில் மகன் சொதப்பும் போது, அப்பா வேறு பக்கம் பார்ப்பார். அதுவும் பையன் மனதில் தங்கி விடுகிறது.

பலரும் மொபைல் போனைத் தான் திட்டுகின்றனர். எனக்கு உறைத்தது வேறு. கேட்டியின் அந்தரங்கப் படம் பள்ளி முழுக்க பரவி, அவள் கூனிக் குறுகி நிற்கும் நேரத்தில், 'இப்ப கேட்டா சம்மதிச்சுடுவா' என்று கணக்குப் போட்டு, அவளை வெளியே அழைக்கிறான் ஜேமி. அவள் மறுக்கிறாள். இன்ஸ்டாகிராமில், எந்தப் பெண்ணும் சீண்டாதவன் என்ற அர்த்தத்தில், சின்னச் சின்ன பொம்மைப் படங்கள் போட்டு கேலியும் செய்கிறாள். அந்தப் படங்களின் அர்த்தம், விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரிக்கே தெரியவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன் தான் விளக்குகிறான்!

கேலி செய்தது தப்பு தான். அதற்காக உயிரை எடுப்பதா?

பெண் பிள்ளைகளிடம், 'பொறுத்துப் போ, அனுசரிச்சுப் போ' என, ஆயிரம் முறை சொல்கிறோம். ஆண் பிள்ளையிடம், 'ஒரு பொண்ணு முடியாதுன்னு சொன்னா, அதோட விட்டுடணும். அதுல உனக்கு ஒரு அவமானமும் இல்லப்பா' என்று, எத்தனை வீட்டில் சொல்கின்றனர்?

இத்தொடரை, பிரிட்டனில் உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாக காட்ட, அந்நாட்டு அரசே ஆதரவு தந்தது. பள்ளியில் காட்டினால் மட்டும் போதாது. போனை பிடுங்கி வைத்தாலும், வகுப்பில் நடக்கும் கேலி நிற்காது. 'எத்தனை மார்க்?' என்று கேட்கும் நாம், 'உன்னை யாராவது கிண்டல் பண்றாங்களா? நீ யாரையாவது பண்றியா?' என்றும் கேட்க வேண்டும். அம்மா மட்டுமல்ல, அப்பாவும் கேட்கணும். நீங்க என்ன சொல்றீங்க தோழிகளே?

— ஒரு வாசகி, திண்டுக்கல்.