புண்ணியக் கணக்கு

நாகேஸ்வர ராவ் பூங்காவில் இன்று காலை ஒரு நண்பர்: "இன்னும் அந்த கேன்சர் ஹாஸ்பைஸுக்குப் போறீங்களா சார்? நல்ல புண்ணியம்!"

புண்ணியமாம்! முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது புண்ணியத்துக்கா? தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். 30 வருடம் அதை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

என் கதை அத்தனை பெரிதில்லை. மனைவியின் கடைசி இரவில், மருந்து வாங்குகிற சாக்கில் வராந்தாவிலேயே நின்றவன் நான். 35 வருடம் வகுப்பெடுத்தவனுக்குப் பக்கத்தில் சும்மா உட்காரத் தெரியவில்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்கிறேன். கடன் அடைப்பவனைப் போய்த் தியாகி என்கிறீர்கள். (எங்களை உயரத்தில் வைத்துவிட்டால் நீங்கள் வரவேண்டியதில்லையே!)

அந்த நண்பரின் எதிர்வீட்டுப் பெரியவர் மனைவியை இழந்து மூன்று மாதம் ஆகிறது. பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதவை யாராவது தட்டினீர்களா?