அரைக்கால் முதலாளி

நானும் பந்தயக் குதிரைக்குச் சொந்தக்காரனாக இருந்தவன். சிரிக்க வேண்டாம். 2016-ல் ராயபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த கிளியரிங் ஏஜெண்டு ஒருவர் ஆள் சேர்த்து ஒரு குதிரை வாங்கினார். நாவல் ஒன்றுக்கு வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். என் பங்கு எட்டில் ஒன்று. தமிழ்க் கணக்கில் அதற்கு அரைக்கால் என்று பெயர். குதிரையின் நாலு காலை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டாலும் ஆளுக்கு அரைக் கால்தான் வருகிறது!

2024 செப்டம்பரில் அரசாங்கம் குத்தகையை ரத்துச் செய்து கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தபோது இரண்டு கூச்சல்கள் கேட்டன. சூதாட்டம் ஒழிந்தது என்றார்கள் ஒரு சாரார். பாரம்பரியம் போயிற்று என்றார்கள் மற்றவர்கள். நிலத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. சுமார் 160 ஏக்கரை 1945-ல் பேசிய 614 ரூபாய்ச் சொச்சம் வருஷ வாடகைக்கு அனுபவித்துக்கொண்டே இருக்க முடியாது என்பது வாஸ்தவம். என் வழக்கு வேறு. இரு சாராரும் பேசிய பேச்சில் குதிரை எங்கே?

இது இன்றைய சங்கதியும் அல்ல. 1974-ல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-ல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. நல்லது. யாருடைய திறமை? பயிற்சியால் குதிரை பெற்ற வேகமும் உரமும், ஜாக்கியின் சாமர்த்தியமும். சொந்தக்காரனின் திறமை என்ன? செக்கில் கையெழுத்துப் போடுவது. அதிலும் என் கையெழுத்து கோணல்.

ஏற்றம் ஒரு நாள் வந்தது. அதை மறைக்க மாட்டேன். கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கிய எட்டு முதலாளிகளும் தொண்டை கிழியக் கத்தினோம். எங்கள் குதிரை ஜெயித்தது! ஜெயித்த குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்தி வருவது சொந்தக்காரனுக்கு உரிய மரியாதை. எட்டுப் பேரும் ஒரே வாருக்கு முண்டியடித்தோம், போட்டோப் பிடித்தார்கள். அன்று இரவு தெரு முழுக்க ஜாங்கிரி. பரிசுப் பணத்தில் டிரெயினருக்கும் ஜாக்கிக்கும் உரியது போக மிச்சம் வந்ததை எட்டாக வகுத்தபோது, ஜாங்கிரிக்கு அது சரியாய்ப் போயிற்று.

இறக்கம் மாசா மாசம் வந்தது. டிரெயினர் கட்டணம், ஓட்ஸ், குதிரை மசால், லாடம், வைத்தியம். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவனும் லாபத்தையும் நஷ்டத்தையும் காற்றிடம் ஒப்படைத்தவன்தான். ஆனால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வந்தால் அவன் படகைக் கரையேற்றி வர்ணம் பூசலாம். படகு தீனி கேட்பதில்லை. ஓடாத குதிரையும் தின்னும். அது குதிரையின் குற்றமா?

இரண்டாம் வருஷம் முன்னங்காலில் தசைநார் வீங்கிற்று. இனி ஓடாது என்றார் டாக்டர். குதிரைக்கு வயது ஐந்து. பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஏஜெண்டு வீட்டு மாடியில் கூட்டம் போட்டோம். "நல்ல இடத்துக்குத்தான் சார் போகுது" என்றார் ஒரு தரகர். எந்த இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. விற்றுவிடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். லாயத்தில் அதோடு படுத்து எழுந்த சைஸ் மட்டும், "எங்கே சார் அனுப்புறீங்க?" என்று கேட்டான். எட்டு முதலாளிகளும் ஆளுக்கு ஒரு திக்கைப் பார்த்தோம்.

சொந்தம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ! ஓடும்வரை என் குதிரை, நொண்டினால் தரகர் குதிரை என்றால், நான் வாங்கியது குதிரையையல்ல, அதன் மூன்று நிமிஷத்தை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைக்குப் போகிறவனுக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்கள். முதலாளியும் தன் பங்கைக் கட்டுகிறான். பந்தயம் எந்த ஊரில் நடந்தாலும் சரி, குதிரையைப் பதிவு செய்யும் அன்றைக்கே அதன் முதுமைக்கு ஒரு தொகையைக் கட்டச் சொல்லுங்கள். பரிசுப் பணத்திலும் ஒரு பங்கைப் பிடியுங்கள். பிடித்தால் பாதி முதலாளிகள் காணாமற் போய்விடுவார்கள். போகட்டும். நானே போயிருப்பேன், ஒரு குதிரை பிழைத்திருக்கும்.

மனிதனுக்கே பென்ஷன் இல்லாத நாட்டில் குதிரைக்குப் பென்ஷனா என்று சீறும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அரசாங்க கஜானாவைக் கேட்கவில்லை. ஏழையின் கஞ்சியில் கை வைக்கவுமில்லை. போட்டோவுக்கு முன்னால் வந்து நின்றவனின் சட்டைப் பையைக் கேட்கிறேன்.

ஒரு சாயங்காலம் மெரீனாவில், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைகளில் ஒன்று பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. மணலில் அதன் கூடவே வெகு தூரம் நடந்தேன். அதுதானா என்று சொல்லத் தெரியவில்லை. சைஸாக இருந்தால் இருட்டிலும் சொல்லியிருப்பான். வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தேன். வாரைப் பிடித்த எட்டுக் கைகளும் தெளிவாக விழுந்திருக்கின்றன. குதிரையின் முகத்தை என் தோள் மறைத்திருக்கிறது.