டிஷ்வாஷரைத் திறந்தாலே வாடை அடிக்கிறதா?

பாத்திரமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆனால், கதவைத் திறந்தால் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை. டிஷ்வாஷர் வாங்கிச் சில மாதங்கள் ஆன வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே வாசனை வில்லையை வாங்கி உள்ளே மாட்டிவிடாதீர்கள். எலுமிச்சை வாசனையும் மீன் வாடையும் கலந்தால் அது தனிக் கொடுமை!

பெரும்பாலும் குற்றவாளி ஃபில்டர்தான். மெஷினை அணைத்துவிட்டு, கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டு அடியில் பாருங்கள். டம்ளர் மாதிரி ஒன்று இருக்கும். பல மெஷின்களில் இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய் நார், சோற்றுப் பருக்கை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிக் கிடக்கும். மூடிய கதவு, உள்ளே ஈரம், சூடு... அழுகாமல் என்ன செய்யும்? வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம், வலை கிழிந்துவிடும். சோப்பு துளியும் இல்லாமல் அலசி, இறுகப் பூட்டுங்கள். சரியாகப் பூட்டாவிட்டால் துணுக்குகள் பம்ப்புக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள். தினமும் மீன், கறி என்றால் வாரம் ஒருமுறை.

கதவின் கீழ் விளிம்பையும் ரப்பர் மடிப்பையும் யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் பீய்ச்சுவது அங்கே எட்டாது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், துணியின் நிறமே சொல்லிவிடும்.

அடுத்து, மேல்தட்டில் ஒரு கப் வெள்ளை வினிகரை வைத்து, பாத்திரமோ டிடர்ஜென்ட்டோ இல்லாமல் அதிகச் சூட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். கூடவே சமையல் சோடாவையும் போடச் சொல்வார்கள். புஸ்ஸென்று பொங்கும், அவ்வளவுதான். ஒன்றின் வீரியத்தை மற்றொன்று போக்கிவிடும்.

ப்ளீச்சை மட்டும் தொடவே தொடாதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சமையலறையில் மூச்சுத் திணறிவிடும், குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். ஸ்டீலும் அரித்துப்போகும்.

இத்தனைக்குப் பிறகும் சாக்கடை வாடை வந்தால், மெஷினைவிட்டு டிரெயின் பைப்பைப் பாருங்கள். அந்தப் பைப் மேடைக்கு அருகே வரை மேலே ஏறி, பிறகு இறங்க வேண்டும். தரையோடு கிடந்தால் சிங்க் கழிவுநீர் திரும்பி உள்ளே வரும். பிளம்பருக்கு இது சின்ன வேலை.

இரண்டே பேர் உள்ள வீட்டில் மெஷின் நிறைய இரண்டு நாள் ஆகும். அதுவரை எச்சில் தட்டு உள்ளே காயும். துணுக்குகளை வழித்துக் கொட்டிவிட்டு அடுக்குங்கள், ராத்திரி ரின்ஸ் மட்டும் ஓட்டுங்கள். முட்டை, மீன் சமைத்த நாளில் அதையும் நம்ப வேண்டாம். அன்றைக்கே முழுதாக ஓட்டிவிடுங்கள். கழுவி முடிந்ததும் கதவை விரல் அளவு திறந்தே வையுங்கள்.