நாக்கைக் குறை சொல்லாதே, லயத்தைப் பார்!



மலையில் நாம் பிறந்த இடத்துக்குப் பெயர் தோட்டம். பிழைப்புத் தேடி நம் பிள்ளைகள் வந்து தங்கும் கொழும்பு கிராண்ட்பாஸில், வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்துக்கும் பெயர் தோட்டம்தான். அங்கே லயக் காம்பரா, இங்கே பலகை வீடு. அங்கே பொதுப் பீலி, இங்கே பொதுக் குழாய். இரண்டு இடத்திலும் தீராத வயிற்றெரிச்சல்.

மருந்துக்குப் போனால் என்ன சொல்கிறார்கள்? "நேரத்துக்குச் சாப்பிடு, உறைப்பைக் குறை" என்று நம் நாக்கைக் குற்றம் சொல்லி, நாலு மாத்திரையைக் கையில் வைத்து அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் எரிச்சல் திரும்பி வருகிறது.

1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரன், பரி மார்ஷல் என்ற இரண்டு டொக்டர்கள், வயிற்றின் உட்சுவரில் வாழும் ஒரு பக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். அதன் பெயர் ஹெலிகோபக்டர் பைலோரி. பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வயிறு அழன்றது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா எரிச்சலுக்கும் இதுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வரும். அந்தச் சிலர் யார் என்று பார்க்காமலே மாத்திரை கொடுப்பதைத்தான் கேட்கிறோம்.

இது பெரும்பாலும் சிறு வயதிலேயே, நெரிசலான வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நல்ல தண்ணீரும் மலசலகூடமும் இல்லாத இடம் அதற்கு வசதி. அப்படியானால் குற்றம் யாருடையது? மிளகாய் கடித்தவனுடையதா, ஒரே காம்பராவில் ஒரு குடும்பத்தையே அடைத்து வைத்தவனுடையதா?

மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ இதைக் கண்டுபிடிக்கலாம். அன்டிபயோட்டிக்குகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, வழக்கமாக இரண்டு வாரம் டொக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. உடல் மெலிந்தால், மலம் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால், விழுங்கக் கஷ்டமானால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நாம் கேட்பது பிச்சையல்ல. லயத்துக்குப் பதில் தனி வீடு கொடு. பீலிக்குச் சுத்தமான தண்ணீர் கொடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனையைச் செய். கிளினிக் போன நாளில் பேரை வெட்டாதே!