ஊருக்கு எந்த வாசல்?

பூஜை விடுமுறை நெருங்கிவிட்டால், லேக் மார்க்கெட்டில் நம்மவர் இருவர் சந்தித்தாலும் பேச்சு ஒன்றுதான்: ஊருக்கு எப்பொழுது, எதில் என்பதே அது. ரயிலை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் வழியைப் பற்றி அதிகம் யோசிக்க இடமில்லை. ஹௌராவில் ஏறிச் சென்னையில் இறங்கி, எழும்பூரில் வண்டி மாறினால் அவரவர் ஊர் வந்துவிடும். இன்று டம்டமில் விமானம் ஏறுவோர் பெருகிவிட்டனர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சென்னை வந்துவிடுகிறது. ஆயினும் பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை. கோயமுத்தூருக்குப் போகிறவரும் சென்னைக்கே டிக்கெட் வாங்குகிறார். நாகர்கோவிலுக்குப் போகிறவரும் சென்னைக்கே வாங்குகிறார். ரயில்வே குமாஸ்தாவுக்கு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் நகைக்கலாம். வழி கேட்டவர்க்கு வழி சொல்வது எங்கள் தொழில். அது தண்டவாளமானால் என்ன, ஆகாயமானால் என்ன?

தமிழ்நாட்டில் இப்பொழுது பயணிகள் விமானம் வந்து போகும் நிலையங்கள் ஆறு. சென்னை, திருச்சி, மதுரை, கோயமுத்தூர் ஆகிய நான்கும் பலரும் அறிந்தவை. சேலத்தில் நின்றுபோயிருந்த போக்குவரத்து 2023-இல் மீண்டும் தொடங்கியது. தூத்துக்குடியில் 2025-இல் புதிய முனையம் திறக்கப்பட்டது.

தஞ்சாவூர், கும்பகோணம், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்தார்க்குத் திருச்சியே வாசல். விருதுநகர், சிவகங்கை, திண்டுக்கல், தேனி, இராமநாதபுரத்தார்க்கு மதுரை. திருப்பூர், பொள்ளாச்சி, நீலகிரிக்குக் கோயமுத்தூர். தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்கு வெளியே வாகைக்குளத்தில், திருநெல்வேலிச் சாலையில் இருக்கிறது. ஆகவே திருநெல்வேலி, திருச்செந்தூர், தென்காசிக்காரர்கள் அதனை நினைவில் வைக்கவேண்டும். நாமக்கல், தருமபுரிக்குச் சேலம் அருகில் என்றாலும், அங்கே வரும் விமானங்கள் சில; நேரம் பொருந்தினால் மட்டுமே பயன்.

கன்னியாகுமரி மாவட்டத்தார்க்கு ஒரு வார்த்தை. அம்மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனால் பயணத்துக்கு மாநில எல்லை ஒரு பொருட்டன்று. திருவனந்தபுரத்தில் இறங்கினால் நாகர்கோவில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்னையில் இறங்கினால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஓசூர்க்காரர்களும் இவ்வாறே பெங்களூரை நாடலாம். ஆனால் பெங்களூர் விமான நிலையம் நகருக்கு வடக்கே, தேவனஹள்ளியில் உள்ளது. ஓசூரோ தெற்கே உள்ளது. நகரம் முழுவதையும் கடக்கவேண்டும் என்பதை அறிந்து நேரம் ஒதுக்குக.

"சென்னைக்கு டிக்கெட் மலிவு, மற்ற ஊர்களுக்கு வழியில் விமானம் மாறவேண்டும்" என்பார் உண்டு. உண்மைதான். ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்கவேண்டும். சென்னையிலிருந்து மேற்கொண்டு ரயில் அல்லது பஸ் கட்டணம், மூட்டை முடிச்சுகளுக்கு ஆட்டோ, வழியில் சாப்பாடு, இவற்றோடு பத்து நாள் லீவில் போக ஒரு நாளும் வர ஒரு நாளும் குறைவது ஆகிய யாவற்றையும் கூட்டுக. நிலையத்தில் இறங்கும் நேரத்தைப் பாராதீர். வீட்டுத் திண்ணையில் ஏறும் நேரத்தைப் பாருங்கள். வழியில் மாறுவதானால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குதல் நலம். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு விமானக் கம்பெனியைச் சேரும். தனித்தனியாக வாங்கினால் நட்டம் நம்முடையது.

சென்னை வழியே போவதும் சில வேளைகளில் சிறந்ததே. பிற்பகலில் இறங்குகிறவர் இரவு ரயிலைப் பிடித்து விடியற்காலையில் மதுரை சேரலாம். அதற்காக எழும்பூர் வரை திரும்பிச் செல்லவேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் தாம்பரம். தெற்கே செல்லும் ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்கின்றன. பஸ்ஸில் செல்வோர்க்குத் தாம்பரத்துக்கு அப்பால், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையம் இருக்கிறது.

இதுகாறும் சொன்னவை விடுமுறைக்கான வசதிகள். இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. ஊரை விட்டு வந்து வாழும் நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் அச்சம் உறைந்திருக்கிறது. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும். "உடனே புறப்பட்டு வா" என்பார் அண்ணன். மேலே ஒன்றும் சொல்லார். சொல்லாததை நாம் அறிந்துகொள்வோம். பிள்ளை வரட்டும், பெண் வரட்டும் என்று ஊரில் ஒரு பகலோ ஓர் இரவோ காத்திருப்பார்கள். அதற்குமேல் காத்திருப்பது அரிது. அந்த வேளையில் கை நடுங்க, கண்ணில் முதலில் படும் டிக்கெட்டை வாங்குவதே மனித இயல்பு. அது இரவு பதினொரு மணிக்குச் சென்னை சேரும் விமானமாயிருந்தால் தெற்கத்தி ரயில்கள் பெரும்பாலும் போயிருக்கும். தத்கால் டிக்கெட்டோ முந்தின நாளே வாங்கவேண்டியது. வேறு வாசலில் இறங்கியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் கண்டிருக்கக்கூடிய முகத்தைக் காணாமலே போக நேரும்.

துயரம் வந்த பின் யோசிக்க இயலாது; இன்றே யோசித்து வைக்கலாம். ஒரு தாள் எடுத்து, நம் ஊருக்கு முதல் வாசல் எது, அது கிட்டாவிடில் இரண்டாவது எது, அங்கிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர், அகாலத்தில் வந்து அழைத்துச் செல்லக்கூடிய உறவினர் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்று எழுதுக. கணவர் ஊருக்கு ஒன்று, மனைவி ஊருக்கு ஒன்று. பிறந்த வீட்டு வழியை மறந்துவிடலாகாது. தாளை நாட்காட்டிக்கு அருகில் ஒட்டிவைத்துப் பிள்ளைகளுக்கும் காட்டுக. ஆண்டுக்கு இருமுறை விமான அட்டவணை மாறும்பொழுது திருத்துக.

அத்தாள் பல்லாண்டுகள் விடுமுறைக்கு மட்டுமே பயன்படுமாக!