‘பார்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

இருபது ஆண்டுகளாக ஆலைகளில் அழுத்தமானிகளைப் பழுதுபார்க்கிறேன். ஒருமுறை ஊட்டியில் ஓர் ஆலையில், புதிதாக மாட்டிய சென்சார் பம்ப் ஓடாதபோதே 0.77 பார் காட்டியது. கெட்டுப்போனது என்று கழற்றி வைத்துவிட்டார்கள். அது கெடவே இல்லை! வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு அளக்கும் ‘அப்சல்யூட்’ வகை அது. காட்டியது மலைக்காற்றின் அழுத்தத்தை. சென்னையில் அதுவே ஏறக்குறைய 1.01 காட்டும். அவர்களுக்கு வேண்டியதோ சுற்றியுள்ள காற்றைப் பூஜ்யமாகக் கொள்ளும் ‘கேஜ்’ வகை. டயருக்குக் காற்றடிக்கும்போது நாம் பார்ப்பது அதைத்தான். சமவெளியில் இந்தக் குழப்பம் நேர்ந்தால் முழுதாக ஒரு பார் பிசகும். கொள்முதல் ஆணை எழுதுவோரே, கேஜா, அப்சல்யூட்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.