ஆட்டங் கண்ட கப்பலும் ஆழத்திற் சென்ற கப்பலும்

பழம்பெரும் பாய்க்கப்பல் ஒன்றின் மேற்றளத்திலே நள்ளிரவு கடந்தும் இலத்திரனியல் இசை முழங்க, இளைஞர் கூட்டம் ஆடிக் களிக்கின்றது. மேல்நாட்டுத் துறைமுக நகரங்களில் இன்று இஃதொரு புதுமையன்று. ஆயினும் இச்செய்தி கேட்டதும் நம்மவருட் சிலர் கொதித்தெழுகின்றனர். “முன்னோர் உயிரைப் பணயம் வைத்துச் செலுத்திய மரக்கலத்திலே குடியும் கூத்துமா? இது பண்பாட்டுக் கொலையன்றோ?” என வினவுகின்றனர். குற்றச்சாட்டு கடுமையானது. ஆகவே, தீர்ப்புக் கூறுமுன் சான்றுகளை நோக்குவோம்.

முதற் சான்று நமது திருகோணமலையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1782ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய கடற்போரின் நினைவாகப் பெயரிடப்பட்ட ‘ட்ரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல், 1817இல் பம்பாயிலே மலபார்த் தேக்கினாற் கட்டப்பட்டது. கட்டியோர் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார். ஏகாதிபத்தியத்தின் ஏவலாளாகக் கடலோடிய அக்கப்பல், 1897இல் உடைப்பவர் கைக்குச் சென்றது. கோப் என்னும் செல்வர் அதனை விலைகொடுத்து மீட்டார். மீட்டவர் பெயரை மாற்றினார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அது ‘பூட்றொயன்ட்’ என்றே வழங்கிற்று. இளைஞரைப் பயிற்றும் கப்பலாக நின்று உழைத்த பின்னர், 1992இல் தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது. 2001இல் திருத்த வேலை நிறைவெய்தியது. இன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையிலே, மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மூத்ததாக அது நிற்கின்றது. திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் அது வாடகைக்கு விடப்படுகின்றது. அதனாற் கப்பல் கெட்டுவிடவில்லை. மரம் எஞ்சியிருந்தமையாலன்றோ பெயரும் மீண்டது!

இரண்டாம் சான்று ‘போல்ஸ் ஒஃப் கிளைட்’ என்னும் நான்கு பாய்மரக் கப்பல். 1878இல் ஸ்கொட்லாந்திற் கட்டப்பட்டு, பிற்காலத்தில் ஹொனொலூலுவில் அரும்பொருட் கப்பலாக விளங்கிற்று. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டமும் அதற்கு இருந்தது. இல்லாதது பணம் ஒன்றே. துருப்பிடித்துச் சிதைந்த அக்கப்பல், 2025 ஒக்டோபரிலே கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. பட்டம் கப்பலை மிதக்க வைப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆட்டக்காரராற் கப்பலுக்கு ஆபத்து என்பாருக்கு மூன்றாம் சான்று உண்டு. 1869இற் கட்டப்பட்ட ‘கட்டி சார்க்’ என்னும் புகழ்பெற்ற தேயிலைக் கப்பல், 2007 மே மாதத்தில் கிறீனிச்சிலே தீப்பற்றி எரிந்தது. அன்று அங்கே ஆடியவர் எவருமிலர். திருத்த வேலையே நடைபெற்றுக்கொண்டிருந்தது. நிறுத்தாது விடப்பட்ட தூசு உறிஞ்சும் இயந்திரமே பெரும்பாலும் காரணமென விசாரணை கூறிற்று. கெடுத்தது களியாட்டமன்று, கவனக்குறைவு.

எனினும், எதையும் எப்படியும் செய்யலாம் என்று நாம் வாதிடவில்லை. தளம் தாங்கும் அளவுக்கே ஆட்களை ஏற்றுதல் வேண்டும். அதிர்வுக்கும் ஒலிக்கும் வரம்பு வேண்டும். திறந்த நெருப்புக் கூடாது. வாடகைப் பணம் தனிக் கணக்கிலே சேர்ந்து, கப்பலின் பலகைக்கும் பாய்க்கும் மட்டுமே செலவாதல் வேண்டும். கப்பலைக் கட்டியவர் யார், அதிற் கடலோடியவர் யார் என்பதை ஆட வருவோர் அறியச் செய்தல் வேண்டும். இந்நிபந்தனைகளை மீறும் விருந்தையே நாமும் எதிர்ப்போம்.

இனி, குற்றஞ் சாட்டுவோரை நோக்கி ஒரு வினா. நீங்கள் காத்த கப்பல் எது?

வல்வெட்டித்துறைக் கரையிலே 1930இல் நம்மவர் கைகளாற் கட்டப்பட்டாள் ‘அன்னபூரணி’. றொபின்சன் என்னும் அமெரிக்கர் அவளை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் உடன் செல்ல, கடல்கள் பல கடந்து 1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அவள் அடைந்தாள். அந்நியன் கட்டிய கப்பலுக்கு நம் ஊர்ப் பெயர் மீண்டது. நாம் கட்டிய கப்பலின் பெயர் மீளவில்லை. அவள் இன்று நம் கரையில் இல்லை. விழா மேடைகளில் அவளைப் புகழ்ந்து பேசுகின்றோம். அத்துடன் கலைந்து செல்கின்றோம். இழந்தது கூத்தினாலா? இல்லை. நமது அசட்டையினால்!

தமிழ்ப் பெருமக்களே! கண்டனத் தீர்மானம் நிறைவேற்றச் செலவில்லை. பலகைக்கும் பாய்க்கும் செலவுண்டு. அன்னபூரணியின் அளவிலே ஒரு கப்பலை அதே கரையிற் கட்டி, அதே பெயரிட்டு, மிதக்க விடுவோம். புலம்பெயர்ந்தோர் பொருள் தரட்டும். ஊரவர் உழைப்புத் தரட்டும். கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படட்டும். அதன் பின்னர், அத்தளத்திலே நாதசுரம் ஒலிக்கட்டும். இளைஞர் விரும்பின் இலத்திரனியல் இசையும் ஒலிக்கட்டும். இந்திர விழா இரவிலே ஊரெங்கும் இசை முழங்கக் கண்ட வல்வெட்டித்துறைக்கு அவ்வொலி அச்சமூட்டாது. நாம் அஞ்ச வேண்டுவது, ஆடுவதற்கும் ஒரு கப்பலில்லாத வெறுங்கரையையே.